அமலோற்பவத்தின் கார் இறங்கிய விதம்

லூர்து காலனி மூன்றாம் தெருவில் ஒரு வெள்ளைக் கார் பதினோரு மாதம் அந்தரத்தில் நின்றது என்று யாராவது சொன்னால் அந்தத் தெருக்காரர்கள் முதலில் திருத்துவது மாதக் கணக்கைத்தான். பதினொன்று இல்லை, பத்து மாதமும் இருபத்தொரு நாளும் என்பார்கள். அந்தரத்தில் நின்றதைப் பற்றி அவர்களுக்குத் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

கார் அமலோற்பவத்துடையது. தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனியில் எடை மேடைக்குப் பொறுப்பான கிளார்க்காக இருந்தாள் அவள், வயது ஐம்பத்தொன்று, பேச்சு குறைவு, கையெழுத்து அழகு. அவளுடைய புருஷன் இன்னாசிக்குக் கார் ஓட்ட வராது, வாங்க மட்டும்தான் வந்தது, அதனால் கல்யாணமான ஏழாம் வருஷத்திலிருந்து கார் ஓட்டியது அவள்தான். ஒரு செப்டம்பர் மாதத்து உச்சி வெயிலில் இன்னாசி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதும் அவள்தான் ஓட்டினாள். பின்சீட்டில் அவனுடைய அக்கா பிலோமினா தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருக்க, உப்பளங்களைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, ஆஸ்பத்திரிக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கும்போது கார் ஒரு இருமல் இருமி நின்றுவிட்டது. அவள் சாவியைத் திருப்பினாள், மறுபடியும் திருப்பினாள், இறங்கிப் போய் லாரிகளைக் கைகாட்டி நிறுத்தினாள், ஆம்புலன்ஸுக்குப் பேசினாள். ஆம்புலன்ஸ் வந்தபோது அதில் வந்தவர்கள் இன்னாசியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவசரப்படாமல் ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள்.

மூன்றாம் நாள் மெக்கானிக் பாக்கியநாதன் காரைப் பார்த்தார். பானெட்டைத் திறந்தார், குனிந்தார், கழன்று தொங்கிய ஒரு வயரை இரண்டு விரலால் பிடித்து அழுத்தினார், கார் கிளம்பிவிட்டது. "வயரு கழண்டிருக்கும்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார். துக்க வீட்டில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். பிலோமினாவும் கேட்டாள். அவள் எழுந்து முற்றத்துக்கு வந்து, காரையும் பார்க்காமல் அமலோற்பவத்தையும் பார்க்காமல், பந்தல் காலைப் பார்த்துச் சொன்னாள்: "ஓட்ட மட்டும் தெரிஞ்சாப் போதுமா? மூடியத் தெறந்து ஒரு தடவ எட்டிப் பாத்திருந்தா எந்தம்பி இருந்திருப்பான்."

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து இந்தப் பாதியில் அமலோற்பவமும் அந்தப் பாதியில் கல்யாணம் செய்துகொள்ளாத பிலோமினாவும் இருந்தார்கள், ஒரே மோட்டாரில் தண்ணீர் ஏற்றினார்கள், ஒரே கேட்டைப் பூட்டினார்கள், முதல் பூசைக்குப் போகிறவள் பிலோமினா, இரண்டாம் பூசைக்குப் போகிறவள் அமலோற்பவம் என்று கோவிலில்கூட ஏற்பாடு தானாக அமைந்துவிட்டது.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அமலோற்பவம் நைட்டிக்கு மேலே ஒரு பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காரோடு வந்த மஞ்சளடித்த கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, முற்றத்தில் உட்கார்ந்தாள். கையேடு இங்கிலீஷில் இருந்தது. அதில் புரியாததை, முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் காட்டிப் பேசும் ஒரு மலையாளத்துக்காரனின் வீடியோவில் பார்த்தாள். முதல் வாரம் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். இரண்டாம் வாரம் ஆயில் மாற்றுகிறேன் என்று வாளியைத் தப்பான இடத்தில் வைத்து முற்றத்தைக் கறுப்பாக்கினாள். மூன்றாம் வாரம் முன்பக்கத்து இடது சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதற்காக ஜாக்கியை வைத்துத் தூக்கினாள், கழற்றினாள், பார்த்தாள், திரும்ப மாட்டினாள், நட்டுகளை முறுக்கினாள், பிறகு ஜாக்கியை இறக்கினாள்.

ஜாக்கி இறங்கியது. சக்கரம் இறங்கவில்லை.

அவள் ஜாக்கியை வெளியே இழுத்து, அதில் ஏதும் கோளாறா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கை கழுவ உள்ளே போனாள். வரும்போது மற்ற மூன்று சக்கரங்களும், முன்னால் போன பிள்ளையைப் பார்த்துப் பின்னால் போகும் பிள்ளைகளைப்போல, அந்த ஒன்றின் உயரத்துக்கு ஏறியிருந்தன. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கார் இடுப்பளவுக்கு வந்தது. சாயங்காலம் கோவில் மணி அடிக்கும்போது அவள் நிமிர்ந்து நடந்து போனாலும் தலை இடிக்காத உயரத்தில், அதை நிறுத்தியிருந்த கேட் வாசலுக்கு நேர் மேலே, முற்றத்துக்குப் பாதியும் தெருவுக்குப் பாதியுமாக, அசையாமல் நின்றது.

முதல் இரண்டு நாள் கூட்டம் வந்தது. மூன்றாம் நாள் அதற்குக் கீழே நிழல் விழுவதைத் தெரு கவனித்தது. மூன்றாம் தெருவில் மரம் கிடையாது, கடற்காற்றில் உப்பு இருப்பதால் வேம்பு வைத்தாலும் வராது, புங்கன் வைத்தாலும் வராது, அதனால் துணிதேய்ப்பு வண்டிக்காரர் சுடலைமுத்து, "யக்கா, ஒரு ஓரமா நிப்பாட்டிக்கிடட்டா?" என்று அமலோற்பவத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து காரின் பின்பக்கத்துக்குக் கீழே நிறுத்தினார். அடுத்த வாரம் டியூஷன் எடுக்கும் ரெக்ஸ்லின் டீச்சர் பாயைக் கொண்டுவந்து தெருவோரத்தில் விரித்தாள். கேபிள்காரன் பம்பரில் ஒரு வயரைக் கட்டி எதிர்வீட்டுக்கு இழுத்தான். காகம் ஒன்று வைப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் குச்சி சேர்த்தது. பங்குச்சாமியார் வந்து எல்லா வண்டிக்கும் தெளிப்பதுபோல இதற்கும் தீர்த்தம் தெளித்து, வருஷத்துக்கு ஒருமுறை வண்டி மந்திரிக்கும் நாளில் இதைக் கோவில் வாசலுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை, நானே இங்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மாநகராட்சியிலிருந்து வந்தவர் டேப்பைப் பிடித்து உயரத்தை அளந்தார், தரையில் ஆக்கிரமிப்பு இல்லை என்று எழுதினார், கட்டடமும் இல்லை என்று எழுதினார், கடைசியில் 'வாகனம் நிறுத்தப்பட்டுள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நிழலில் நின்று மோர் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த தெருக்காரர்கள் பொறாமைப்பட்டார்கள். தங்கள் வண்டிகளை ஜாக்கி வைத்துத் தூக்கி, சட்டென்று ஜாக்கியை உருவிப் பார்த்தார்கள். இரண்டு ஜாக்கி வளைந்தது, ஒரு ஆட்டோவுக்கு அச்சு போயிற்று. கல்யாணப் பத்திரிகைகளில் வழி சொல்கிற இடத்தில் 'அந்தரக் கார் எதிரில்' என்று அச்சடிக்கத் தொடங்கினார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் தெரு உறுதியாக இருந்தது: காருக்குள் யாரும் ஏறக் கூடாது. கார் தன்னுடைய கனத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது, இன்னொருவருடைய கனத்தையும் தாங்கும் என்று யார் கண்டது, கீழே பிள்ளைகள் உட்காருகிறார்கள் அல்லவா என்றார்கள். அப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவில்லை, ஆனால் எல்லோரும் அதன்படி நடந்தார்கள்.

அமலோற்பவமும் ஏறவில்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. ஒரு காரைப் பழுது பார்க்கக் கற்றுக்கொள்கிறவளுக்கு அந்தக் கார் தலைக்கு மேலே நிற்பதைவிட வசதி வேறு கிடையாது. படுக்க வேண்டாம், தவழ வேண்டாம், நின்றபடியே நிமிர்ந்து பார்த்து, சைலன்சர் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, எந்தக் குழாய் எதற்குள் போகிறது என்று கண்ணாலேயே நடந்து போகலாம். வேலை முடிந்து வந்து வெளிச்சம் இருக்கும்வரை, ஞாயிறென்றால் பூசை முடிந்து இருட்டும்வரை, ஒவ்வொன்றாகக் கழற்றினாள், மண்ணெண்ணெயில் கழுவினாள், பழைய பேப்பரில் வரிசையாக அடுக்கினாள், மாட்டினாள். எஞ்சினைப் பார்க்க வேண்டியிருந்தால் ஏணியைச் சுவரில் சாய்த்து ஏறினாள். அந்த ஒரு வயரை மட்டும் அல்ல, காரில் இருந்த எல்லா வயரையும் மாற்றி, சேர்த்துக் கட்டி, முனைகளைச் சுற்றினாள். ஏணியில் நின்றபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை ஓடவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டாள். தலைக்கு மேலே எஞ்சின் உறுமும்போது ரெக்ஸ்லின் டீச்சர் குரலைக் கொஞ்சம் உயர்த்தி வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள், அவ்வளவுதான்.

அவள் காரை இறக்குவதற்காகத்தான் இவ்வளவும் செய்கிறாள் என்று தெரு நினைத்தது. அவளுக்கு அப்படி ஒரு எண்ணம் இல்லை. இது ஏன் நிற்கிறது என்று அவள் ஒரு நாளும் யோசிக்கவில்லை. அன்றைக்கு ஏன் நின்றது என்பதுதான் அவளுக்கு யோசனையாக இருந்தது.

பத்தாம் மாதம் பிரேக்கில் கை வைத்தாள். தேய்ந்துபோன கட்டைகளை மாற்றினாள், வெடித்துப்போன ரப்பர் குழாய்களை மாற்றினாள், புதிய பிரேக் ஆயில் ஊற்றினாள். ஏணியில் ஏறி, ஜன்னல் வழியாக ஒரு கம்பை விட்டு பிரேக் பெடலை அமுக்கிப் பார்த்தபோது அது பஞ்சு மூட்டைபோல உள்ளே போயிற்று. குழாய்களுக்குள் காற்று புகுந்துவிட்டது. அதை எடுக்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் கீழே சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியேற்றி, மேலே இருப்பவர் காலை எடுப்பதற்குள் மூட வேண்டும். மலையாளத்துக்காரன்கூட அந்த வீடியோவில் மட்டும் வேறொருவரை உட்காரவைத்திருந்தான். இத்தனை மாதத்தில் ஒற்றை ஆளால் முடியாத வேலை என்று அவளுக்கு முதலில் வந்தது இதுதான்.

பெடலுக்கு முட்டுக்கொடுத்துப் பார்த்தாள், கம்பு வழுக்கியது. சுடலைமுத்துவிடம் கேட்டாள்.

"நாளைக்குப் பாப்பம்க்கா" என்றார் அவர், தேய்ப்புப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாளும் அதையே சொன்னார். ரெக்ஸ்லின் டீச்சருக்குத் தலைசுற்றல் இருந்தது. மெக்கானிக் பாக்கியநாதனுக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் வந்து கீழே நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வயர் கட்டியிருந்த விதத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நான் கட்டுனதவிட நல்லாக் கட்டியிருக்கீங்கம்மா."

"பெடல அமுக்க ஒரு ஆளு வேணும் அண்ணாச்சி."

"மேல ஏற மாட்டேன். கீழ நிக்கவும் மாட்டேன். எனக்குப் பிள்ளைக இருக்கு" என்றார் பாக்கியநாதன். "உங்களுக்கும் சொல்லுதேன். ஒரு ஆளு உள்ள இருக்கையில நீங்க கீழ நிக்காதீங்க."

மூன்று வாரம் அந்த வேலை அப்படியே கிடந்தது. தெருவில் அதைப் பற்றிப் பேசினார்கள், சுவருக்கு அந்தப் பக்கமும் அது கேட்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்த பிலோமினா கதவைத் திறந்து உள்ளே போகாமல் முற்றத்தில் நின்றாள். முக்காட்டை மடித்துப் பைபிளின் மேல் வைத்தாள், பைபிளைச் சுவர்மேல் வைத்தாள், செருப்பைக் கழற்றினாள். சுவரில் சாய்ந்திருந்த ஏணியை எடுத்து, பத்து மாதத்தில் யாரும் செய்யாதபடி, காரின் மேலேயே சாய்த்தாள். கார் அசையவில்லை. அறுபத்துமூன்று வயதில், முட்டு வலியோடு, ஒரு படிக்கு ஒரு மூச்சாக ஏறி, கதவைத் திறந்து, ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள். சுடலைமுத்து தேய்ப்பு வண்டியை வேகமாக வெளியே இழுத்ததில் ஒரு கங்கு தெருவில் விழுந்தது. பிள்ளைகளை எழுப்பி டீச்சர் எதிர்வீட்டு வாசலுக்குக் கூட்டிப் போனாள்.

அமலோற்பவம் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தவள், பார்த்தாள்.

"எந்தக் காலால அமுக்கணும்?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு அவள் சொன்னாள்: "வலது காலு மதினி. நடுவுல இருக்குறது."

அந்தப் பழைய சட்டையை நைட்டிக்கு மேலே மாட்டிக்கொண்டு, ஸ்பேனரையும், கண்ணாடிபோன்ற சின்னக் குழாயையும், ஆயில் ஊற்றிய பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அவள் கீழே போனாள். பெடலுக்கு எது தூரத்துச் சக்கரமோ அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பின்பக்கத்து இடது சக்கரம். நின்றபடியே கையை உயர்த்தி நிப்பிளில் குழாயை மாட்டினாள்.

"அமுக்குங்க."

"அமுக்கிட்டேன்."

திறந்தாள். பாட்டிலில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. மூடினாள்.

"விடுங்க."

"விட்டுட்டேன்."

அமுக்குங்க, அமுக்கிட்டேன், விடுங்க, விட்டுட்டேன் என்று ஒரு வருஷத்துக்கு மேலாகப் பேசாத இரண்டு பெண்கள் பேசுவதை எதிர்வாசலில் நின்ற தெரு முழுக்கக் கேட்டது. குமிழ் நின்று சுத்தமான ஆயில் வந்ததும் நிப்பிளை இறுக்கினாள். நிமிரும்போது தலை எதிலோ இடித்தது. கார் அவளுடைய தோள் உயரத்துக்கு வந்திருந்தது.

அவள் எதிர்வாசலைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏணியை நகர்த்தி பானெட்டைத் திறந்து ஆயிலை நிரப்பினாள். ஆறு படி ஏற வேண்டிய இடத்தில் நாலு படி போதுமாக இருந்தது. பின்பக்கத்து வலது சக்கரத்துக்குக் குனிந்து போனாள்.

"முட்டு வலிக்கா மதினி?"

"வலிக்கி. நீ வேலையப் பாரு."

அந்தச் சக்கரம் முடியும்போது கார் இடுப்புக்கு இறங்கியது. உள்ளே இருந்த பிலோமினாவுக்குக் கீழே நடப்பது தெரியவில்லை. அவளுக்கு ஜன்னலில் தெரிந்த மதில் சுவர் மட்டும் மெல்ல மேலே போனது.

"செவரு ஒசருதே?"

"ஆமா. இன்னும் ரெண்டு சக்கரம் இருக்கு."

முன்பக்கத்து இடது சக்கரத்துக்கு அவள் தரையில் சப்பணமிட்டு உட்கார வேண்டியிருந்தது. அதே சக்கரம்தான் முதன்முதலில் இறங்காமல் நின்றது என்று பின்னாளில் தெருவில் சொன்னார்கள், அப்போது யாருக்கும் அது தோன்றவில்லை. அமுக்குங்க என்றாள். பெடல் அமுங்கும் சத்தம் மட்டும் கேட்டது, நிப்பிளைத் திறந்தாள். பிறகு பிலோமினா, யாரிடமோ விலாசம் சொல்வதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்:

"உப்பளம் தாண்டும்போதே அவன் கை சில்லுன்னு ஆயிட்டு."

அமலோற்பவம் ஸ்பேனரைப் பிடித்தபடி இருந்தாள்.

"வண்டி நிக்கிறதுக்கு ரொம்ப முன்னாலேயே. பாலத்துக்கு வரும்போது மூச்சு இல்ல. நான் சொல்லல. நீ ஓட்டிக்கிட்டு இருந்தே. சொன்னா நீ நிப்பாட்டிருவேன்னு பயந்து சொல்லல. அப்புறம் வண்டி தானா நின்னுட்டு. அப்புறம் அந்த வயரு வந்துட்டு... எனக்கு அத விட்டா வேற பிடி இல்லாமப் போச்சு."

பாட்டிலில் குமிழ் வந்துகொண்டிருந்தது. அமலோற்பவம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை; வெகுநாளாகத் தேடித் தேடி எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்த ஒருத்தி, கோளாறு காரில் இல்லவே இல்லை என்று தெரிந்ததும் கையில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தாள். நிப்பிளை மூடினாள்.

"விடுங்க" என்றாள்.

"விட்டுட்டேன்."

"இன்னொரு தடவ அமுக்குங்க."

கடைசிச் சக்கரம், முன்பக்கத்து வலது பக்கம், பிலோமினாவின் காலுக்கு நேர் கீழே இருந்தது. கார் முழங்கால் உயரத்தில் நின்றது. "யக்கா, வெளிய வந்துருங்க, போதும்" என்று சுடலைமுத்து எதிர்வாசலிலிருந்து கத்தினார். அமலோற்பவம் ஒரு கோணியை விரித்து மல்லாந்து படுத்து, தலையை உள்ளே நுழைத்து, கையை நீட்டினாள். அமுக்கச் சொன்னாள், திறந்தாள். இந்த முறை காற்று நிற்கவே இல்லை. நுரை நுரையாக வந்தது. கார் காத்திருக்கவும் இல்லை, திறந்திருக்கும்போதே இறங்கத் தொடங்கியது. மூடாமல் வெளியே வரலாம். வந்தால் காற்று திரும்ப உள்ளே போகும், பத்து மாத வேலையில் இந்த ஒன்று அரைகுறையாக நிற்கும்.

"காலு நடுங்குது அமலா" என்றாள் பிலோமினா. "விடட்டா?"

"விடாதீங்க மதினி."

"முடியல."

"விடாதீங்க. நான் இன்னும் மூடல. நான் சொல்லுத வரைக்கும் விடாதீங்க."

பிலோமினா விடவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, தன்னுடைய முழுக் கனத்தையும் அந்த ஒரு காலில் வைத்து, கண்ணை மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கீழே, நுரை மெலிந்து, நூலாகி, நின்றது. அமலோற்பவம் ஸ்பேனரை ஒரு முறுக்கு முறுக்கி, தோளால் தரையைத் தள்ளி வெளியே உருண்டாள். நாலு சக்கரமும் ஒரே நேரத்தில், படுக்கையில் உட்காரும் கனமான ஆளின் பெருமூச்சோடு, தரையில் அமர்ந்தன. அவளுடைய சட்டைக் கையின் நுனி டயருக்குக் கீழே மாட்டியிருந்தது. அவள் அதை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. சட்டையைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

"இப்ப விடுங்க" என்றாள்.

காற்றுதான் காரணம் என்று அன்றைக்கே தெருவில் பாதிப் பேர் சொன்னார்கள். பிரேக்கில் காற்று புகுந்ததே போன மாதம்தானே, கார் ஏறியது அதற்கு எவ்வளவோ முன்னால் என்று மீதிப் பேர் சொன்னார்கள். இறக்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதில் இரண்டு தரப்பும் ஒன்றாக இருந்தது. கேபிள் அறுந்து எதிர்வீட்டில் படம் வரவில்லை. காகம் இரண்டு நாள் மதிலில் உட்கார்ந்து கத்திவிட்டுப் போயிற்று. சுடலைமுத்து வெயிலில் நின்று, இனி எங்கே நிறுத்துவது என்று கையால் நெற்றியை மறைத்துத் தெருவின் இரண்டு முனையையும் பார்த்தார்.

பிலோமினா கதவைத் திறந்தாள். ஏணிக்குத் தேவை இல்லை, காலை நீட்டினால் தரை. ஆனால் அவள் இறங்கவில்லை. முட்டியைத் தேய்த்துக்கொண்டு, காலடியில் இருந்த மற்ற இரண்டு பெடல்களையும் குனிந்து பார்த்தாள்.

"இது என்னது?"

"கிளட்ச்."

"இந்தக் கடைசி?"

"ஆக்ஸிலேட்டர்."

அமலோற்பவம் முழங்கை வரை கறுப்பாக, கையைத் துடைக்கக்கூடச் செய்யாமல், காரைச் சுற்றிக்கொண்டு வந்து மறுபக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பத்து மாதமும் இருபத்தொரு நாளும் யாரும் உட்காராத சீட் சூடாக இருந்தது. பிறகு அவள் எட்டிச் சாவியைத் திருப்பினாள், எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"எனக்கு ஓட்டத் தெரியாதே" என்றாள் பிலோமினா.

"பிரேக் போடத் தெரியும்ல. மொத அது தெரிஞ்சாப் போதும்."

வெள்ளைக் கார், நடக்கிறவர்களைவிட மெதுவாக, மூன்றடிக்கு ஒருமுறை குலுங்கி நின்று மறுபடியும் கிளம்பி, மூன்றாம் தெருவில் போயிற்று; தெருக்காரர்கள் பாயையும் பெஞ்சையும் நகர்த்தி வழிவிட்டார்கள்.